இருபத்தொரு நாள் வராதவள்

போன வாரம் நீங்கள் ஐந்து பேரும் வீட்டுக்கு வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டீர்கள். "மேடம், செமஸ்டர் கடைசியில எங்களுக்கு என்னென்ன வேலை வரும்? ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்." காபி ஆற்றுகிற சாக்கில் நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஹால் டிக்கெட்டை எப்படிக் கொடுப்பது, தேர்வு அறையில் பெஞ்சை எப்படிப் போடுவது என்பதையெல்லாம் ஆபீசிலேயே சொல்லித் தருவார்கள். எனக்கு லிஸ்ட் என்ற சொல்லே ஆகாது. ஏன் ஆகாது என்று நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதி அனுப்புகிறேன். இதில் என் பெருமை ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் படிக்கலாம்.

நான் சேர்ந்த காலத்தில், சமுதாயக் கல்லூரி என்றால் என்னவென்று தேனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அது என்ன சாதிக்காரங்க காலேஜு?" என்று ஒரு வீட்டுக்காரர் என்னிடமே கேட்டிருக்கிறார். வாடகைக் கட்டடம், நான்கு வகுப்பறை, ஓராண்டுப் படிப்பு. பத்தாவதோடு நின்றவர்கள், பிளஸ் டூவில் ஒரு பாடம் போனவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்றபின் படிக்க வந்தவர்கள் என்று எல்லா வயதிலும் ஆள் இருப்பார்கள். நர்சிங் உதவியாளர் வகுப்புக்குத்தான் கிராக்கி. படித்து முடித்தால் தேனியிலோ போடியிலோ ஏதாவதொரு மருத்துவமனையில் வேலை நிச்சயம்.

நான் அங்கே பேச்சுப் பயிற்சியும் கொஞ்சம் ஆங்கிலமும் நடத்தினேன். கூடவே "மாணவர் நலன்" என்றொரு பொறுப்பு. பேர்தான் நலன். நடந்ததெல்லாம் வருகைப் பதிவேட்டைக் கட்டிக்கொண்டு அழுகிற வேலை. அதற்குமுன் ஒரு பெரிய கல்லூரியில் கண்டிப்பானவள் என்று பேரெடுத்திருந்தேன், அந்தப் பேரை இங்கேயும் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கோபம் வேறு மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும்.

காலை ஒன்பதரைக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் ஒன்பதே முக்கால், பத்து என்று ஆடி அசைந்து வருவார்கள். அந்த ஆண்டு இரண்டாம் செமஸ்டர் தொடங்கியபோது ஆசிரியர் கூட்டத்தில் நான் ஒரு விதி கொண்டுவந்தேன். மணி அடித்து ஐந்து நிமிடத்துக்குள் வராதவர்கள் வகுப்பில் உட்காரலாம், ஆனால் அந்த முற்பகல் முழுக்க ஆப்சென்ட். "இங்க வர்றவங்க பாதிப் பேரு பஸ்ஸ நம்பி வர்றவங்க மேடம்" என்று ஒருவர் முனகினார். "பஸ்ஸை அவங்க நம்பட்டும், மணியை நாம நம்புவோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், விதி பாஸாகிவிட்டது. அன்றைக்கு என் பேச்சை நானே ரொம்ப ரசித்தேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் வருகையைக் கூட்டிப் பார்ப்போம். எண்பது வேலை நாளில் அறுபது நாள் வந்திருக்க வேண்டும். குறைந்தவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, அவரவர் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை அனுப்புவோம். அட்டையை அச்சடித்தே வைத்திருந்தோம். "தங்கள் மகன் / மகள் / மனைவி இப்பருவத்தில் ____ நாட்கள் கல்லூரிக்கு வரவில்லை. தேர்வு எழுத அனுமதிக்க இயலாது. நேரில் வரவும்." எங்களுக்கு இருந்த வேலை, கோடிட்ட இடத்தில் ஒரு எண்ணை எழுதுவது மட்டும்தான். அரை நாள் என்று எழுத அதில் இடமே கிடையாது.

அந்த முறை பதினொரு பேர் குறைந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினொரு அட்டையையும் நான் ஒருத்தியே எழுதி முடித்தேன். இருபத்தேழாம் எண், ஈஸ்வரி, தேவாரம், இருபத்தொரு நாள். அடுத்தது. இருபத்தேழாம் எண்ணுக்கு முகம் எது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

தேர்வு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, தெரியும்போது என்னை நினைப்பீர்கள். என் மேசையைச் சுற்றி முப்பது பேர். ஒருத்திக்கு ஹால் டிக்கெட்டில் போட்டோ மாறியிருக்கிறது. ஒருவன் பதிவு நோட்டைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டான். ஒருத்தி எதற்கென்றே சொல்லாமல் அழுகிறாள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தார். கூட்டம் விலகியதும் முன்னால் வந்து அட்டையை மேசையில் வைத்தார்.

"டீச்சர், இது நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"நான் ஈஸ்வரி வீட்டுக்காரரு. ஜீப்பு ஓட்டுறேன். எந்த இருவத்தோரு நாளுன்னு தேதி போட்டுக் குடுங்க."

தேவாரம், போடிப் பக்கத்து ஜீப் டிரைவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடியுமுன் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு கேரளா மலைக்குப் போனால், திரும்ப இருட்டிவிடும். மனைவி காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எங்கே போனாள் என்று பார்க்க அவருக்கு வழியே கிடையாது. அதையெல்லாம் நான் பிறகுதான் யோசித்தேன். அப்போது எனக்குப் பட்டதெல்லாம், வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது ஒருவர் வந்து என்னிடம் கணக்குக் கேட்கிறார் என்பதுதான்.

"ரெஜிஸ்டரை எல்லாருக்கும் திறந்து காட்ட முடியாதுங்க. வீட்டுல கேளுங்க."

"கேட்டாச்சு. தெனமும் காலேஜுக்குத்தான் வந்தேன்னு சொல்லுது."

"அப்ப ரெஜிஸ்டர் பொய் சொல்லுதா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "அதத்தான் நானும் வீட்டுல சொன்னேன் டீச்சர். காலேஜு கார்டு பொய் சொல்லாதுன்னு." அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பதிவேடு எங்கே இருந்தது என்கிறீர்கள்? என் முழங்கைக்குக் கீழே இருந்தது. திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

எங்கள் ஆபீஸ் கண்காணிப்பாளர் உத்தமபாளையத்துக்காரர். எல்லாருக்கும் அவர் பாய்தான். யாருக்கு என்ன சிக்கல் என்றாலும் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருவதுபோல ஒரு வழி வைத்திருப்பார். சாயங்காலம் லிஸ்டோடு என்னிடம் வந்தார். "மேடம், இந்தத் தேவாரத்துப் புள்ளைக்கு ஒத்த நாளுதான் கொறையுது. பாவம், பச்சப் புள்ளக்காரி. ஒரு எம்.சி. வாங்கி வச்சு எழுத விட்டுருவோம். நம்ம டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிறேன்."

எம்.சி. என்றால் மருத்துவச் சான்றிதழ். உடம்புக்கு முடியாமல் வர இயலவில்லை என்று ஒரு தாள் இருந்தால், குறைகிற நாளை மன்னிக்கலாம் என்று விதி இருந்தது. உண்மையில் காய்ச்சலில் கிடந்தவர்களைவிடக் கிடக்காதவர்கள்தான் அந்தத் தாளை அதிகம் கொண்டுவருவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். நானும் சரி என்றேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று போட வேண்டும், சேர்ந்தாற்போல நான்கு நாள் இருந்தால் நல்லது என்றார் பாய். அப்போதுதான் பதிவேட்டைத் திறந்தேன்.

சேர்ந்தாற்போல நான்கு நாள் இல்லை. இரண்டு நாள் இல்லை. ஒரு முழு நாள்கூட இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டு கட்டம் இருக்கும். அவளுக்கு முற்பகலில் சிவப்பு மையில் ஆப்சென்ட், அதே நாள் பிற்பகலில் வந்திருக்கிறாள். அடுத்த நாளும் அப்படியே. எண்ணினேன். நாற்பத்திரண்டு முற்பகல். அதைப் பாதியாக்கி இருபத்தொரு நாள் என்று கூட்டியிருக்கிறோம். சிவப்பு மையில் பாதிக்கு மேல் என் கையெழுத்து.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போய், "இந்த ஈஸ்வரி யாரு?" என்று கேட்டேன்.

"தேவாரத்து அக்கா மிஸ்" என்றாள் ஒருத்தி. "ஒரு நாளு கூட லீவு போட மாட்டாக. அந்த எட்டே கால் பஸ்ஸுதான் மிஸ் லேட்டு. போன மாசம் உங்களுக்கு பிரஷர் பாத்தாகள்ல, கூடுதலா இருக்கு, கோவப்படாம இருங்கன்னு சொன்னாகள்ல, அந்த அக்காதான்."

என் கையில் பட்டையைச் சுற்றியவள். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். தினமும் ஒன்பதே முக்காலுக்குப் பின்வாசல் வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். நான் பார்த்துக்கொண்டேதான் ஆப்சென்ட் போட்டிருக்கிறேன்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல மேடம்" என்றார் பாய். "ஒரு நாளைக்கு எம்.சி. போட்டா முடிஞ்சுது."

புதியவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பாய் நல்ல மனுஷர். அவர் சொன்ன வழி எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வழி. நானும் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகுதான் அந்த ஜீப்காரர் கேட்டது மண்டையில் உறைத்தது. அவர் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேதி கேட்டார். அந்தத் தேதிகளில் தன் மனைவி எங்கே இருந்தாள் என்று தெரிந்துகொள்ள வந்தார். உடம்பு முடியாமல் கல்லூரிக்கு வரவில்லை என்று நாங்கள் ஒரு தாள் வைத்தால், அவள் பரீட்சை எழுதலாம். ஆனால் தினமும் வந்தேன் என்று அவள் வீட்டில் சொன்னதைப் பொய்யாக்க, அட்டைக்குத் துணையாக இன்னொரு சாட்சியையும் நாங்களே தயார் செய்து கொடுத்ததாகிவிடும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட அந்த ஜீப்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

கல்லூரி இயக்குநரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எம்.சி. வைங்க. ரெஜிஸ்டர் தப்புன்னு எழுத்துல குடுத்தா ஆய்வுக்கு வர்றவங்க எல்லாத்தையும் கிளறுவாங்க. அவங்க குடும்பப் பிரச்சினைக்குள்ள காலேஜ் போகக் கூடாது" என்றார்.

"பிரச்சினை நம்மகிட்டருந்துதான் சார் அங்க போச்சு. என் கையெழுத்தோட, தபால்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "உங்க பேர்ல எழுதிக் குடுங்க. காலேஜ் பேர் வரக் கூடாது. மெமோ உங்களுக்குத்தான் வரும். ரெஜிஸ்டர் வாசலைத் தாண்டக் கூடாது" என்றார். சரி என்றேன். அட்டையில் எழுதியது தப்பு, ஈஸ்வரி தேர்வு எழுதலாம் என்று என் பேரில் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பாய் என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, மற்றவர்கள் பெயரையெல்லாம் தாள் வைத்து மறைத்து, ஈஸ்வரி வரிசையை மட்டும் விட்டிருந்தார். "ரெஜிஸ்டர்தான மேடம் தாண்டக் கூடாதுன்னாரு?" என்றார்.

சனிக்கிழமை காலை தேவாரத்தில் இறங்கியபோது எட்டு மணி. எதிரே தேனி பஸ் நின்றுகொண்டிருந்தது. கூரை மேலே முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், தரையில் தக்காளிப் பெட்டிகள் காத்திருந்தன. எட்டே கால் ஆயிற்று, எட்டரை ஆயிற்று. "எப்பப்பா எடுப்பீங்க?" என்று கண்டக்டரிடம் கேட்டேன். "காயி ஏறுனா எடுப்போம்" என்றார் அவர், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டமாதிரி. மார்க்கெட்டுக்குச் சரக்கு வருகிற மாதங்களில் அந்த பஸ் ஒருநாளும் நேரத்துக்குக் கிளம்பியதில்லையாம். அந்த மாதங்கள்தான் எங்கள் இரண்டாம் செமஸ்டர். முந்தின பஸ் ஆறரைக்கு. அதில் வந்தால் குழந்தைக்குச் சோறூட்டிவிட்டு வர முடியாது.

வீட்டில் மாமியார் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், மருமகள் படிக்க வேண்டும் என்று வேலையை நிறுத்திவிட்டுப் பேத்தியைப் பார்த்துக்கொண்டவர். மகன் வேண்டாம் என்றபோது அவனோடு சண்டை போட்டு அனுப்பியதும் அவர்தான். இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் யாரென்று சொன்னதும் அவரே சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

"எம் மகங்கிட்ட மல்லுக்கட்டி அனுப்புனேன் டீச்சர். வேலவெட்டிய விட்டுப்புட்டு இந்தப் புள்ளையத் தூக்கிச் சுமந்தேன். கார்டு வந்த அன்னைக்கு எனக்கு வாசிக்கத் தெரியாது, மாவு மில்லுல குடுத்து வாசிக்கச் சொன்னேன். அவரு சத்தமா வாசிச்சுப்புட்டாரு. பத்துப் பேரு நின்னாக. காலேஜுக்குப் போறேன்னு போனவ எங்க போனாளோன்னு ஒருத்தி சிரிச்சா. எனக்குச் செத்துப் போகலாம்னு இருந்துச்சு."

அவர் அழவில்லை. ஜெராக்ஸை விரித்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டிச் சொன்னேன். இந்தச் சிவப்புக் குறிகள் பஸ் தாமதமானதற்கு நான் போட்டவை, உங்கள் மருமகள் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்திருக்கிறாள், நான் பார்க்காமல் எழுதிவிட்டேன், தப்பு முழுக்க என்னுடையது. ஈஸ்வரி உள்ளே அடுப்படி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீ வந்து என்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன் அவளிடம். பாருங்கள், அப்போதும் பழியில் கொஞ்சத்தை அவள் பக்கம் தள்ளத்தான் என் வாய் போயிற்று.

"சொன்னேனே மிஸ்" என்றாள். "மொத வாரமே சொன்னேன், பஸ்ஸு லேட்டுன்னு. காரணம் சொல்லாத, போயி உக்காருன்னீக. போயி உக்காந்துக்கிட்டேன்."

சொல்லியிருப்பாள். அந்த வாக்கியத்தை நான் ஒரு நாளைக்குப் பத்து பேரிடம் சொல்வேன். அவளிடம் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை.

மாமியார் ஜெராக்ஸை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இங்கன என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? நான் அவள நம்பித்தான் இருந்தேன், கார்டுதான என்னையக் கெடுத்துச்சு. எங்க வாசிச்சாகளோ அங்கன வந்து சொல்லுங்க டீச்சர்."

மாவு மில்லுக்குப் போனோம். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. மாமியார் நேரே போய் மில்காரரிடம், "ஏப்பா, மோட்டார நிறுத்து. அந்தக் கார்டு எழுதுன டீச்சரு வந்திருக்காக" என்றார். மோட்டார் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியும் பையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தைந்து வருடம் மேடையில் பேசியவள் நான், பேச்சுப் பயிற்சி நடத்துகிறவள். முதல் வாக்கியம் வர மறுத்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, நடுவில் இரண்டு முறை தும்மி, ஈஸ்வரி ஒரு நாள் தவறாமல் கல்லூரிக்கு வந்தாள், அட்டையில் எழுதியது தப்பு, எழுதியது நான், அதற்கு நான்தான் பொறுப்பு என்று சொல்லி முடித்தேன்.

ஒரு பெண் கேட்டாள். "ஏந்தாயி, படிச்சவுக இப்பிடிப் பண்ணலாமா? அந்தப் புள்ள ரெண்டு நாளா சோறு திங்கலையாம்."

"பண்ணக் கூடாதுதாம்மா" என்றேன்.

மில்காரர் என் கடிதத்தை வாங்கி, அட்டையை வாசித்த அதே குரலில் சத்தமாக வாசித்தார். அன்றைக்குச் சிரித்தவள் அங்கே இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டாலும் மத்தியானத்துக்குள் அவள் காதுக்குப் போயிருக்கும்.

திரும்பி நடக்கும்போது மாமியார் கேட்டார். "திங்கக்கெழம பரீட்ச எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"பஸ்ஸு லேட்டாச்சுன்னா?"

"பத்தரை வரைக்கும் உள்ள விடுவோம்."

"அதுக்கும் மேல ஆச்சுன்னா?"

இத்தனை நடந்தபிறகு, எத்தனை மணிக்கு வந்தாலும் விடுகிறேன் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் அது என் கையில் இல்லை. "பத்தரைக்கு மேல என்னால விட முடியாதும்மா. அது மேல இருக்கிறவங்க போட்ட விதி" என்றேன்.

அவர் நின்று என் முகத்தைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் முறையாகச் சரியாகப் பார்த்தார். "உள்ளதச் சொன்னீக. அதயே எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டு." நடுத்தெருவில் கைப்பையின் மேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். மகனிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அனுப்புவேன் என்றோ மாட்டேன் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் கல்லூரியைத் திறந்து உட்கார்ந்து, மற்ற பத்துப் பேரின் வரிசையையும் கட்டம் கட்டமாகப் பார்த்தோம். ஆறு பேர் ஈஸ்வரி மாதிரிதான். ஆண்டிபட்டிப் பக்கம் மூன்று பேர், கம்பம் பக்கம் இரண்டு, போடி வழி ஒருத்தி. நான்கு பேர்தான் நிஜமாகவே வராதவர்கள். ஆறு வீட்டுக்கும் ஆள் அனுப்பினோம். பாய் ஒரு சைக்கிளையும் ஒரு மச்சானின் மோட்டார் சைக்கிளையும் பிடித்து எப்படியோ சமாளித்தார். அட்டை எழுதும்போது எனக்கு ஆன நேரம் அரை மணி. அதைத் திருப்ப ஒரு முழு நாள் ஆயிற்று. மெமோவும் வந்தது, பதிலும் எழுதினேன். அந்த விதியை அடுத்த கூட்டத்தில் நானே எடுத்துவிட்டேன். அன்றைக்கு நகைச்சுவையாக எதுவும் பேசவில்லை.

இதற்குப் பிறகு வேலை பார்த்த வருடங்களில் ஒன்றை மட்டும் விடாமல் செய்தேன். யார் பெயரையாவது "வரவில்லை" என்று எழுதும் முன்னால், அந்த ஆளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, "எங்கே போனாய்?" என்று கேட்டு, பதில் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். கடைசிப் பகுதிதான் எனக்குக் கஷ்டம். உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், முயன்று பாருங்கள்.

அந்தத் திங்கட்கிழமை எனக்குத் தூக்கம் கெட்டு, எட்டு மணிக்கே கல்லூரிக்கு வந்துவிட்டேன். வாசல் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு வெளியே படியில் ஈஸ்வரி புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமியார், தோளில் தூங்குகிற குழந்தை. ஆறரை மணி பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஈஸ்வரி எழுந்தாள், "நீ படி" என்றேன்.

பத்து மணிக்கு மணி அடித்தது. வினாத்தாள் கொடுத்து, எல்லாரும் எழுத ஆரம்பித்தபிறகு வெளியே வந்தேன். மாமியார் இன்னும் அங்கேயே நின்றிருந்தார், வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. குழந்தை முழித்துக்கொண்டு அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கதவுக் கம்பி வழியாக நேரே பார்த்தால் தேர்வு அறையின் ஜன்னல் தெரியும், ஈஸ்வரியின் முதுகும் தெரியும்.

"அவ உள்ள போயாச்சும்மா. முடிய மத்தியானம் ஒரு மணியாகும். வெயில்ல ஏன் நிக்கிறீங்க, ஆபீஸ்ல வந்து உக்காருங்க" என்றேன்.

அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் டீச்சர். இங்கன நின்னாத்தான் தெரியுது. நாளைக்கு யாராச்சும் எம் மருமக வரலன்னு எழுதுனா, வந்துச்சு, நான் பாத்தேன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல."